தார்ப்பாய்க்கு அடியில் ஓர் எஞ்சின்

ஜைனபா குஜாபிக்கு உட்கார வராது. காம்பியாவின் கடலோர ஊரான பாக்காவில் அவர்கள் தெருவுக்கே இது தெரியும். தேநீர் கொதித்து முதல் சுற்று வருவதற்குள் எழுந்து வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். பல்கலைக்கழக நூலகர் அவளை நின்றுகொண்டே படிக்க விட்டுவிட்டார். "என் நாத்தனார் கால்ல எறும்புப் புத்து இருக்கு" என்பாள் திதா அண்ணி.

முன்பு அப்படி இல்லை. அண்ணன் அன்சுமானா காணாமல் போன அன்று, பள்ளிச் சீருடையோடு வந்தவளை எல்லோரும் சேர்ந்து பாயில் உட்கார வைத்தார்கள். "இங்கேயே உட்காரு, வந்துடுவான்" என்றார்கள். அவளும் உட்கார்ந்தாள். இருட்டியது, விடிந்தது, அவன் வரவில்லை. அதன்பிறகு யாராவது "உட்காரு" என்றாலே அவள் எழுந்து நடந்துவிடுவாள்.

அன்சுமானா படகு எஞ்சின் பழுது பார்ப்பவன். பாக்காவில் படகுகள் கரையேறும் இடத்தில் வேலை. அன்று நடுப்பகலில் எல்லைக்கு அந்தப் பக்கம் செனகலிலிருந்து வந்த, செரேர் இனத்து மீனவன் ஒருவனின் எஞ்சினைக் கழற்றிப் பாதியில் வைத்திருந்தான். எண் பலகை இல்லாத வண்டி ஒன்று மணலில் வந்து நின்றது. சீருடை இல்லாத மூன்று பேர் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். கரையில் யாரிடமோ ஆட்சியைப் பற்றி வாயை விட்டான் என்றார்கள் சிலர். ஆள் மாற்றிப் பிடித்துவிட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். காவல் நிலையத்தில் அப்படி ஓர் ஆளே வரவில்லை என்றார்கள். எஞ்சினுக்குச் சொந்தக்காரனான அந்த மீனவன் லாத்திர் செனே அன்று மாலையே யாருடைய படகிலோ தொற்றிக்கொண்டு செனகலுக்கு ஓடிவிட்டான். அப்புறம் காம்பியா மண்ணை அவன் மிதிக்கவேயில்லை.

எஞ்சினைக் கழுதை வண்டியில் ஏற்றி அன்சுமானாவின் வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். திதா அதன்மேல் தார்ப்பாய் போர்த்தினாள். ஒவ்வொரு மழைக்காலமும் தார்ப்பாய் கிழியும், அவள் புதிது போர்த்துவாள். பழைய இரும்புக்காரன் கேட்டபோது உலக்கையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அவர் வந்து முடிக்கணும்" என்றாள். கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தா அவள் இருக்கவில்லை, வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அவள் மனைவியா விதவையா என்று கேட்பதற்கு ஊரில் யாருக்கும் தைரியமில்லை.

ஆட்சி மாறியது. வாய் திறக்காதவர்கள் எல்லாம் பேசத் தொடங்கினார்கள். ஜைனபா சட்டம் படித்துப் பட்டம் வாங்கினாள். குஜாபி குடும்பத்தில் முதல் பட்டம் அது. காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்காக நடந்த சின்ன அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அண்ணன் வழக்கை உள்ளூர் நீதிமன்றம் சாட்சி இல்லை என்று மூடிவிட்டது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் பொது நீதிமன்றம் ஒன்றுதான் மிச்சம். உன் நாடு காதை மூடிக்கொண்டால், பக்கத்து நாட்டுக்காரர்கள் உட்கார்ந்து கேட்பார்கள், தீர்ப்பும் சொல்வார்கள். ஆனால் அவர்களுக்கும் கண்ணால் கண்ட ஒருவர் வேண்டும். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கண்டவன் லாத்திர் ஒருவன்தான்.

அவனைத் தேடிப் போவதில் ஜைனபாவுக்குப் பயம் இருக்கவில்லை. அவள் ஜோலா இனம், அவன் செரேர் இனம். ஜோலாவும் செரேரும் கேலிமுறைக்காரர்கள். அக்கா தங்கை இருவர் ஒரே படகில் போனபோது கடல் நடுவே படகு இரண்டாகப் பிளந்ததாம். ஒரு பாதி வடக்கே ஒதுங்கி அவள் வம்சம் செரேர் ஆனது, மறு பாதி தெற்கே ஒதுங்கி ஜோலா ஆனது. அதனால் இரு இனத்தாரும் எங்கே பார்த்துக்கொண்டாலும், ஜோலாவின் அரிசிச் சோற்றையும் செரேரின் கம்பங்கூழையும் சொல்லி, அடிமை என்றும் திருடன் என்றும் திட்டிக்கொள்ள வேண்டும். திட்டினால் கோபப்படக் கூடாது, கேட்டால் மறுக்கக் கூடாது. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் முறைக்காரருக்கு வேலை உண்டு. வேறு எந்த முறையிலும் ஜைனபா வயதுப் பெண் தன் மாமன் வயது ஆளை "நீ" என்று சொல்ல முடியாது.

பார்ரா கரைக்குப் போகும் பெரிய படகில் ஆற்றைக் கடந்து, காரங் எல்லையில் முத்திரை குத்திக்கொண்டு, ஆட்டோடும் கோழியோடும் வண்டியேறி, செனகலில் லாத்திரின் ஊரான மிசிராவுக்குப் போய்ச் சேர்ந்தாள். லாத்திர் கரையில் தன் படகின் பிளவுகளை அடைத்துக்கொண்டிருந்தான். அவள் கைபேசியில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு நடந்தாள். குலப்பெயரைச் சொன்னதுதான் தாமதம், அவன் நிமிர்ந்தான்.

"குஜாபியா? அதானே பாத்தேன், அரிசிப் பானை ஒண்ணு நடந்து வருதேன்னு!"

"உன் எசமானி வர்றேன். எந்திரிச்சு நில்லு, அடிமைப் பயலே."

கரையில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"கேட்டீங்களாய்யா? என் எஞ்சினத் திருடி முழுங்கின குடும்பம். ஒரு ஏப்பம்கூட விடல. இப்ப நான் எந்திரிச்சு நிக்கணுமாம்!"

"கம்பங்கூழ் குடிக்கிற கைக்குத் துடுப்பு போதும், எஞ்சின் எதுக்கு? வேணும்னா வந்து எடுத்துட்டுப் போ. துருப்பிடிச்சுக் கிடக்கு."

இங்கே லாத்திரின் சிரிப்பு அறுந்தது. கையில் இருந்த உளியைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். பயந்துவிட்டான் என்று நினைத்த ஜைனபா விடாமல் பிடித்தாள்.

"இந்தா, ஊமை அடிமைய நான் வாங்கல. அன்னிக்கு என்ன பாத்தேன்னு சொல்லு. சொல்லலேன்னா சந்தையில வித்து அரிசி வாங்கிடுவேன்."

"என்ன வித்தா அரை மூட்டைகூடத் தேறாதுடி" என்றான். பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, மூன்று பேரில் யார் பேசினான், அன்சுமானாவின் கையில் கிரீஸ் இருந்தது, கழுவிக்கொள்கிறேன் என்றதற்கு அவர்கள் விடவில்லை. எல்லாம் சொன்னான்.

ஜைனபா ஊர் திரும்பி, ஒரு சொல் விடாமல் வோலோஃப் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி, பொது நீதிமன்றம் இருக்கும் அபுஜாவில் வழக்கை நடத்திய வக்கீல் எகாயெத்தேவுக்கு அனுப்பினாள். ஒரு பெரிய காரியம் முடித்ததாக அவளுக்கு நினைப்பு. மறுநாள் அழைப்பு வந்தது.

"ஜைனபா, இத மொழிபெயர்த்தது யாரு?"

"நான்தான் மேடம். ஒரு வார்த்தை விடல."

"தெரியுது. மனித உரிமை வழக்கு போட்டிருக்கோம். அதுல நம்ம ஆளு சாட்சியப் பாத்து அடிமைங்கிறா. விப்பேங்கிறா. சாட்சி உங்க குடும்பத்தத் திருடங்கிறான். இத எடுத்துட்டு நான் நீதிபதிங்க முன்னால போய் நிக்கவா?"

"அது விளையாட்டு மேடம். நாங்க முறைக்காரங்க. அப்படித்தான் பேசணும்."

"எனக்கு நீ சொல்லிட்டே. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு யாரு சொல்றது?"

"முதல் பகுதிய வெட்டிடலாமா?"

"வெட்டின பதிவ என் கழுத்துலயே மாட்டுவாங்க. இங்க பாரு. விசாரணை உங்க தலைநகர் பாஞ்சுல்லயே நடக்கப் போகுது. ஆள் நேர்ல வரட்டும். ஆனா அவரா வரணும். நீ கேட்டா அவர் மறுக்கக் கூடாதுன்னு ஒரு முறை இருக்குங்கிறியே, அப்ப அது எப்படி அவர் விருப்பமாகும்? நீயே யோசி."

ஜைனபா யோசித்தாள். யோசித்தபடி அலுவலகத்துக்கும் தெருமுனைக்கும் நடந்தாள். வக்கீல் மேல் வந்த கோபம் தெருமுனை வருவதற்குள் தன் மேலேயே திரும்பியது. பரீட்சைக்கு இதைத்தானே படித்தாள்? மறுக்க முடியாதவன் சொன்ன சம்மதம் சம்மதம் இல்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். மறுக்க முடியாது என்று தெரிந்துதானே அந்தக் கிழவனிடம் அத்தனை தெம்பாகப் போனாள்? அவனுக்கு ஏதாவது நேர்ந்தால் யார் பொறுப்பு? அந்த மூன்று பேரும் எங்கேயோ உயிரோடுதான் இருக்கிறார்கள்.

இரண்டாம் முறை மிசிராவுக்குப் போனபோது பெரியவர்களுக்கு மரியாதையாகக் கொடுக்கும் கோலாக் கொட்டை ஒரு பை கொண்டுபோனாள். லாத்திர் வீட்டு முற்றத்தில் அவன் மனைவி கம்பு இடித்துக்கொண்டிருந்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. நல்லா இருக்கீங்களா?"

லாத்திர் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல மாமா."

"அப்புறம் ஏன் இப்படிப் பேசுறே?" உலக்கைச் சத்தம் நின்றது. "நான் உங்களுக்கு என்ன தப்புப் பண்ணேன்?"

அவள் பதிவையும் வக்கீலையும் பற்றிச் சொன்னாள். பாஞ்சுலில் நடக்கப்போகும் விசாரணையைச் சொன்னாள். "வர்றதும் வராததும் உங்க விருப்பம். வரலேன்னாலும் நாங்க ஒண்ணும் நினைக்க மாட்டோம்."

"அப்ப வரல" என்றான் லாத்திர்.

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"முறைக்காரி வாடான்னா, பயத்த மடியில முடிஞ்சுக்கிட்டு வந்திருப்பேன். அப்புறம் நடக்கிறதுக்கு உனக்கும் எனக்கும் பாதிப் பாதி. நீ என்னடான்னா ஊர்ப் பெரிய மனுஷன்கிட்டப் பேசுற மாதிரி பேசுறே. என் விருப்பம்னா, இந்த முற்றத்துலயே உக்காந்திருக்கிறதுதான் என் விருப்பம். அந்த ஊர்ல எனக்குன்னு இருந்தது இந்தக் கேலி ஒண்ணு. அதையும் உன் வக்கீல் வாங்கிட்டாளா?"

ஒரே ஒரு சொல் அவள் நாக்கு நுனியில் இருந்தது. "எந்திரி, அடிமை" என்றால் போதும், அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொள்வான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கோலாக் கொட்டைப் பையைத் திண்டின்மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வண்டிக்குக் காத்திருக்கப் பொறுக்காமல், அடுத்த ஊர்வரை புழுதியில் நடந்தாள். அவனுக்கு மறுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு வருகிறோமா, இல்லை அவன் பயத்தோடு அவனைத் தனியே விட்டுவிட்டு நம் மனச்சாட்சியை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறோமா? இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

திதா அண்ணியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பானா?" என்றாள் திதா.

"வந்திருப்பார் அண்ணி. அதனாலதான் கூப்பிடல."

திதா கழுவிக்கொண்டிருந்த பானையைக் கவிழ்த்து வைத்தாள். "உங்க அண்ணனக் கூட்டிட்டுப் போனவங்க அவர் விருப்பத்தக் கேட்டாங்களாடி?"

ஜைனபா வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். அண்ணி அடுத்த பானையைக் கழுவ எடுத்துக்கொண்டாள்.

விசாரணை நாள் வந்தது. எகாயெத்தே முந்தின தினமே பாஞ்சுலுக்கு வந்திருந்தார். குட்டையான, வேகமான பெண்மணி. "வரலேன்னா இருக்கிறத வச்சு வாதாடுறேன்" என்றார். இருப்பது என்ன என்பது இருவருக்கும் தெரியும். ஓர் எஞ்சின், ஒரு தார்ப்பாய், ஆளில்லாத வருடங்கள். அதைப் பார்த்து எந்த நீதிபதியும் ஒரு நாட்டைக் குற்றவாளி என்று சொல்லிவிட மாட்டார்.

ஜைனபா விடிந்ததிலிருந்து படகுத்துறையில் நடந்துகொண்டிருந்தாள். பார்ரா படகு வழக்கம்போல் தாமதமாக வந்தது. லாரிகள் இறங்கின, ஆடுகள் இறங்கின, தலையில் மூட்டையோடு பெண்கள் இறங்கினார்கள். கடைசி ஆள் இறங்கும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். லாத்திர் இல்லை.

நீதிமன்றம் அமர்ந்திருந்த மண்டபத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது வாசலில் ஒரே கூச்சல். காவலாளி ஒருவன் முழங்கால்வரை நனைந்த ஓர் ஆளை மறித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்க. எஞ்சின் திருட்டுப் போச்சுன்னு கத்துறாரு. இது போலீஸ் ஸ்டேஷன் இல்லைன்னா கேக்க மாட்டேங்கிறாரு."

"இதோ, இவதான்! திருட்டுக் கூட்டத்துல ஒருத்தி!" என்றான் லாத்திர்.

சொந்தப் படகில், கரையை ஒட்டி, ஒற்றை ஆளாக வந்திருந்தான். ஜைனபாவுக்குத் தொண்டைவரை வந்த வசவை விழுங்க வேண்டியிருந்தது. "பெரிய படகுல வரல்லியா மாமா?" என்றுதான் கேட்க முடிந்தது.

"ஆட்டோட ஆடா நின்னுட்டு வர்றதுக்கு நான் என்ன ஜோலாவா? பேசாம உள்ள வா. உன் மரியாதையக் கேட்டா எனக்கு வயித்தக் கலக்குது."

மேடையில் மூன்று நீதிபதிகள் இருந்தார்கள். நடுவில் டோகோக்காரர், இரு பக்கமும் வேறு நாட்டுக்காரர்கள். எல்லோர் காதிலும் மொழிபெயர்ப்புக் கருவி. லாத்திர் சத்தியம் செய்தான். காதில் மாட்டச் சொன்னதை மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டான். அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார்.

"உங்களை இங்கே வரும்படி யாராவது வற்புறுத்தினார்களா? குறிப்பாக, மனுதாரர் ஜைனபா குஜாபி?"

"இல்ல" என்றான் லாத்திர். "அதான் என் புகாரே."

"புரியவில்லை."

"இந்தப் பொண்ணு எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, என்ன மாமான்னு கூப்பிட்டுச்சு. உங்க விருப்பம்னுச்சு. எங்கப்பன் காலத்துலருந்து எந்த ஜோலாவும் எந்த செரேரையும் இப்படி அவமானப்படுத்தினதில்ல. என் பொண்டாட்டி அன்னிக்குச் சோறு சாப்பிடல. இதக் கேக்கத்தான் வந்தேன். வந்த இடத்துல, பாத்தத சொல்லிட்டுப் போறேன்."

பின் வரிசைகளில் உட்கார்ந்திருந்த காம்பியாக்காரர்களும் செனகல்காரர்களும் வெடித்துச் சிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளர் பெண்ணின் குரல் கூண்டுக்குள் தடுமாறியது. டோகோ நீதிபதி கருவியைக் காதிலிருந்து எடுத்துத் தட்டிப் பார்த்தார். எகாயெத்தே தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பில் அவர் தோள்கள் குலுங்கின.

பிறகு லாத்திர் சொன்னான். கரையில் சொன்னதையே சொன்னான், வண்டி, மூன்று பேர், கிரீஸ் கை. சுவரோரமாக நின்ற ஜைனபா அடுத்த வாக்கியம் என்ன என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். முடிந்தது என்று அவள் நினைத்த இடத்தில் அவன் முடிக்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. இத அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லல. வண்டியில ஏத்தும்போது அன்சுமானா என்னத் திரும்பிப் பாத்தான். நான் இடுப்பளவு தண்ணியில மரமா நிக்கிறேன். 'டேய் அடிமை, நான் வர்ற வரைக்கும் எஞ்சின்ல கை வைக்காதே, பாதியில நிக்குது'ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். அந்த ஆளுங்களுக்கு அது என்னன்னு புரியல. முறைக்காரன் சொல்லத் தட்டக் கூடாதுங்க. அதனாலதான் நான் எஞ்சின எடுக்க வரல. பயம்னு எல்லாரும் நினைச்சாங்க. பயமும்தான். ஆனா எடுக்க வந்தேன்னா, அவன் இனிமே வர மாட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்ல?"

 நீதிபதிகளுக்கு அது சற்றுப் பிந்தி அவரவர் மொழியில் போய்ச் சேர்ந்தது. அவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'வந்து எடுத்துட்டுப் போ, துருப்பிடிச்சுக் கிடக்கு.' அன்று கரையில் தான் கூவியது ஜைனபாவுக்கு நினைவுக்கு வந்தது. 

தீர்ப்புக்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார் எகாயெத்தே, வெளியே வந்தபின். "ஆனா இப்ப நம்ம வழக்குக்கு உயிர் வந்திருக்கு" என்றார். பிறகு லாத்திரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஜைனபாவைப் பார்த்து, "சாட்சியம் முடிஞ்சுது. இனிமே நீ அவரத் திட்டலாம்" என்றார்.

ஜைனபாவுக்கு ஒரு வசவும் வாயில் வரவில்லை.

பாக்காவுக்கு அவனை அழைத்துப் போனாள். தெருமுனை வந்ததும் லாத்திர் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டினான். அது எதற்கு என்று ஜைனபாவுக்குத் தெரியும். நின்றுவிட்டாள். சாவு வீட்டுக்குள் முறைக்காரன் நுழையும் கோலம் அது.

"ஏ ஜோலாக்காரங்களா!" என்று தெரு அதிரக் கத்திக்கொண்டு அவன் உள்ளே போனான். "செத்த வீடா இது? ஒரு பாய் இல்ல, ஒரு சோறு இல்ல! எங்கடா அந்த எஞ்சின் திருடன்? வேலைய பாதியில விட்டுட்டு ஓடிப்போன சோம்பேறி எங்க?"

அக்கம்பக்கத்து வீடுகளில் கதவுகள் திறந்தன. திதா கையில் அகப்பையோடு வெளியே வந்தாள். தொப்பியைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். அத்தனை வருடம் யாரும் அவளிடம் சொல்லத் துணியாததை ஓர் அந்நிய மனிதன் முற்றத்தின் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தான். ஓடிப்போய் நடுவில் நிற்க நினைத்த ஜைனபா வாசலோடு நின்றுகொண்டாள்.

லாத்திர் தார்ப்பாயின் அருகே வெறுந்தரையில் மல்லாந்து படுத்துக் கையைக் கட்டிக்கொண்டான். "நான்தான் அன்சுமானா. செத்துட்டேன். அழுங்கடி. நல்லா அழலேன்னா எந்திரிச்சு வந்து கடிப்பேன்."

திதா அகப்பையால் அவன் காலில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "அவர் உன்ன மாதிரி நாறமாட்டார், மீன் தின்னி" என்றாள். சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்காமல் வளர்ந்தது, பிறகு அது சிரிப்பாக இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து தாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்து விரித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திதா தானே எழுந்து தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். உள்ளே எஞ்சின் துருவேறி, மூடி இல்லாமல், பாதியில் நின்றபடி இருந்தது. லாத்திர் எழுந்து உட்கார்ந்து அதைப் பார்த்தான். தொடவில்லை. திதா தலையாட்டிய பிறகுதான் கையை வைத்தான்.

"ஜைனபா" என்றாள் திதா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவர் பேர்ல ஊருக்குச் சதக்காச் சோறு ஆக்கிப் போடணும். சீக்கிரமா கடைக்குப் போ."

"உட்காரு" என்று யாரும் சொல்லவில்லை. ஜைனபா கூடையை எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தாள். பாதித் தெரு போவதற்குள் பின்னாலிருந்து அந்தக் குரல் துரத்தியது.

"ஏ அரிசிப் பானை! அரிசிய மட்டும் வாங்கிட்டு வந்து ஏமாத்தாதே! கம்பும் வாங்கு!"

அவள் ஓட்டத்தை நிறுத்தாமல் திரும்பிக் கத்தினாள்.

"அடிமைக்கு மிச்சம்தான்டா!"